பிரசவ நேரத்தில் அப்பாவுக்கு என்ன வேலை?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதன் பிறகு கணவருக்கு மிஞ்சும் வேலை, செலவுக்குப் பணம் அனுப்புவதும், "வலி எடுத்துடுச்சு, புறப்பட்டு வாங்க" என்ற போனுக்குக் காத்திருப்பதும்தான். அவர் பஸ் பிடித்து வந்து சேரும்போது பெரும்பாலும் குழந்தை பிறந்திருக்கும். இந்த வழக்கத்தை நான் பழிக்கவில்லை. புகுந்த வீட்டு வேலைகளிலிருந்து ஓய்வும், அம்மா கைச் சோறும், மனம் விட்டு அழ ஓர் இடமும் கர்ப்பிணிக்கு வேண்டும் என்று உணர்ந்தவர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. ஆனால் வீட்டில், மருத்துவச்சி கையில் குழந்தை பிறந்த காலத்து ஏற்பாடு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதோடு படிவம், கையெழுத்து, ரத்தம், அறுவை சிகிச்சை முடிவு, தடுப்பூசி, பதிவு என்று எத்தனையோ புதிய காரியங்கள் கூடவே வந்துவிட்டன. அப்பா மட்டும் பழைய திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கற்றுக்கொள்ளக்கூடிய, பலன் தெரியக்கூடிய வேலை இங்கே உண்டு. அதைப் பிரசவ அறைக்குள் நின்று செய்வதா, வெளியே இருந்து செய்வதா என்பது இரண்டாவது கேள்வி. தயாராகி வந்திருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

வலி நேரத்தில் கூட ஒருவர் இருந்தால் பிரசவமே மாறுமா என்று சந்தேகப்படுவது இயல்பு. மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வு குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நடந்தது. அந்நாளில் நம் பெரியாஸ்பத்திரிகள் பலவற்றில் இருந்ததைப் போல அங்கேயும் சொந்தக்காரர்களை லேபர் வார்டுக்குள் விடவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், முன்பின் அறியாத ஒரு பெண்மணி வலி நேரம் முழுவதும் கூடவே இருந்தார். அவருக்கு மருத்துவப் பயிற்சி கிடையாது. முதுகைத் தடவிவிட்டார், கையைப் பிடித்துக்கொண்டார், பேச்சுக் கொடுத்தார். சிக்கல் இல்லாமல் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, துணை இருந்த பெண்களுக்குச் சராசரியாக 9 மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்திருந்தது. துணை இல்லாதவர்களுக்கு 19 மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அது சிறிய ஆய்வு என்பதால் அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் பிற்பாடு பல நாடுகளில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. விடாமல் துணை இருந்த பெண்களிடையே சிசேரியன் ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தது; வலி நேரம் 40 நிமிடம் அளவுக்குக் குறைந்திருந்தது; பிரசவத்தைக் கசப்போடு நினைவுகூர்ந்தவர்களும் குறைவாகவே இருந்தார்கள். மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனம், பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒருவர் பிரசவம் முழுவதும் உடன் இருக்க வேண்டும் என்று தன் பரிந்துரைகளில் சேர்த்தது.

இதோடு நிறுத்திவிட்டால் அப்பாக்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அதே காக்ரேன் தொகுப்பாய்வை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். சிசேரியன் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது, இந்த வேலைக்கென்றே வந்த வெளியாள் துணையாக இருந்தபோதுதான். கணவரோ சொந்தக்காரரோ தோழியோ துணையாக இருந்தபோது அந்தப் பலன் அத்தனை உறுதியாகத் தெரியவில்லை. அப்போது தெரிந்தது பெண்ணின் மனநிறைவு. அதுவும் சிறிய விஷயம் அல்ல. ஆயுள் முழுவதும் நினைவில் நிற்கும் ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறோம். இருந்தாலும் கேள்வி நிற்கிறது. உலகத்திலேயே அவள்மீது அதிக அக்கறை உள்ளவர் பக்கத்தில் இருந்தும், முகம் தெரியாத பெண்மணி அளவுக்கு ஏன் பலன் தெரியவில்லை? என் முடிவு இது: அந்தப் பெண்மணிக்குப் பயம் இல்லை. எத்தனையோ பிரசவம் பார்த்திருப்பதால் அடுத்து என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும். கணவருக்கு அன்பு உண்டு, ஆனால் நடப்பது எதுவும் புரியாததால் ஒவ்வொரு கத்தலுக்கும் அவர் நெஞ்சு அடைக்கிறது. அன்பைப் பாடம் நடத்தி வரவழைக்க முடியாது. பயத்தைப் போக்கும் அறிவைப் பாடம் படித்தே பெற்றுவிடலாம். அந்த வகையில் அப்பாக்களின் நிலைமை நல்ல நிலைமை.

பிரசவ அறையில் கணவர் இருக்கவே கூடாது என்று வாதிட்டவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மிஷேல் ஓதான். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்க முடியாது. பிரசவம் இயல்பாக நடக்க வேண்டும் என்பதற்காகவே நெடுங்காலம் பாடுபட்டவர். கருப்பையைச் சுருங்கவைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயமும் பதற்றமும் வந்தால் அட்ரினலின் ஏறும். அட்ரினலின் ஏறினால் ஆக்ஸிடோசின் தடைபடும், வலி நின்று நின்று வரும். ஆண் பதறுவான், அந்தப் பதற்றம் பெண்ணுக்கும் தொற்றும், ஆகவே அவன் வெளியே இருப்பதே நல்லது என்பது அவர் வாதம். உடலியல் சரிதான். முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வாதம் பதறுகிற ஆணை விலக்குகிறதே தவிர, பதறாத ஆணை விலக்கவில்லை. அதே உடலியலின்படி பார்த்தால், முன்பின் தெரியாத இடத்தில், மினுக்கும் குழல் விளக்குக்கு அடியில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் கிடக்கும் பெண்ணுக்கும் அட்ரினலின் ஏறத்தான் செய்யும். ஆகவே ஓதான் சொன்னதை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள். மனைவிக்குச் சின்னக் காய்ச்சல் வந்தால்கூடக் கை கால் ஓடாமல் அவள்மீதே எரிந்து விழும் ஆளாக இருந்தால், உள்ளே போகாதீர்கள். அவளுடைய அம்மாவோ அக்காவோ போகட்டும். உங்கள் வேலையை வெளியே இருந்து செய்யுங்கள். அதுவும் நிறைய இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு தடை நம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும். "இது பொம்பளைங்க சமாச்சாரம், ஆம்பிளைக்கு அங்க என்ன வேலை?" என்பார்கள். இதிலும் பாதி நியாயம் உண்டு. பெற்றெடுத்த ஒரு பெண்ணின் அனுபவம் எந்த ஆணுக்கும் வராது. அரசும் அதைத்தான் முதலில் கணக்கில் கொண்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2000-களின் நடுப்பகுதியிலேயே உறவுக்காரப் பெண் ஒருவரைப் பிரசவத் துணையாக அனுமதிக்கத் தொடங்கின. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் துணைக்கு அனுமதி தந்தது. ஏற்கெனவே பெற்ற பெண்ணே துணையாக வர வேண்டும் என்றும், பிரசவ அறையில் மறைவு காக்கப்படும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. கணவருக்கு ஏன் இந்த நிபந்தனை? ஒரே அறையில் நாலைந்து பெண்கள் ஆடை ஒதுங்கிய நிலையில் வலியில் கிடக்கும்போது, ஒருத்தியின் கணவர் உள்ளே வருவது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. திரை கட்டிய தனித் தடுப்போ தனி அறையோ இல்லாத இடத்தில் உங்களை உள்ளே விட மறுத்தால், அந்த மறுப்பு உங்கள் மனைவியின் மானத்தையும் சேர்த்தே காக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள், சண்டை போடாதீர்கள். 2017 கடைசியில் தொடங்கிய லக்ஷ்யா திட்டம் பிரசவ அறைகளைச் சீரமைப்பதையும், பெண்ணை மரியாதையோடு நடத்துவதையும் நோக்கமாகக் கொண்டது. அதனால் சில அரசு மருத்துவமனைகளில் இன்று நிலைமை மேம்பட்டிருக்கலாம். போன முறை யாரோ சொன்னதை நம்பாமல் நேரில் போய்க் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் டாக்டருக்கு டாக்டர் வழக்கம் மாறும்.

எல்லா விதிகளுக்கும் மேலானது ஒன்று உண்டு: யார் உள்ளே வர வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவள் அவள். சில பெண்கள் அந்தக் கோலத்தில் கணவர் தங்களைப் பார்ப்பதை விரும்ப மாட்டார்கள். சிலருக்கு அம்மா இருந்தால் மட்டும் போதும். சிலர் கடைசி நிமிடம் வரை கணவரை வேண்டும் என்பார்கள், வலி முற்றியதும் போகச் சொல்வார்கள். இதில் எதுவும் உங்கள் அன்புக்கு மார்க் போடுவது ஆகாது. "உன் கணவரை ஏன் விடவில்லை" என்று நாளைக்கு யாரும் அவளைக் கேட்காதபடி பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. ஆகையால் நீங்கள் உள்ளே போவதை உரிமையாகக் கேட்காதீர்கள். அவள் கூப்பிட நினைத்தால் கூப்பிடத் தகுந்த ஆளாக இருங்கள். பிரசவத்தைப் பார்த்தால் கணவருக்கு மனைவிமேல் ஆசை போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துவதும் உண்டு. பெண்ணின் தலைமாட்டில் நின்றால் அவள் முகத்தைத் தவிர வேறெதுவும் பெரிதாகக் கண்ணில் படாது. உங்கள் இடமும் அதுதான்.

சரி, எதைக் கற்றுக்கொள்வது? முதலில், பிரசவம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை. சினிமாவில் வலி எடுத்த அடுத்த காட்சியில் குழந்தை அழுகிறது. உண்மையில் தலைப்பிரசவத்தில் வலி விட்டு விட்டு வரும் தொடக்கக் கட்டமே பல மணி நேரம் நீளும். அதற்கு இத்தனை மணி என்று வரையறையே கிடையாது. சூட்டு வலி என்று வீட்டில் சொல்லும் பொய்வலி ஓய்வெடுத்தால் அடங்கும். உண்மை வலி நேரம் ஆக ஆக நெருங்கி வரும், நீண்டு நிற்கும். கருப்பைவாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பிறகுதான் வேகக் கட்டம் தொடங்குகிறது என்பது 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. அங்கிருந்து முழுதாக விரியத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரையும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரையும் ஆகலாம். பிறகு முக்கிப் பெற்றெடுக்கும் கட்டம். முதல் குழந்தைக்கு 3 மணி நேரம் வரைகூட இயல்பே. குழந்தை வந்த பிறகு நஞ்சுக்கொடி விழ வேண்டும், பெரும்பாலும் அரை மணிக்குள் விழுந்துவிடும். இந்த எண்கள் மனதில் இருந்தால், ஆறு மணி நேரம் ஆனதும் "இன்னும் ஏன் பிறக்கல, கத்தி வெச்சிடுங்க டாக்டர்" என்று சொல்லும் கணவராக நீங்கள் இருக்க மாட்டீர்கள். தேவையில்லாத சிசேரியனுக்குக் குடும்பத்தின் பொறுமையின்மையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அதே சமயம், காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் தெரிந்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், தாங்காத தலைவலியோ கண் மங்கலோ வலிப்போ வந்தால், வலி வந்ததா இல்லையா என்று பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் துணைக்கு வேலை நிறைய. ஒவ்வொரு வலியும் மெதுவாக ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். வேகக் கட்டத்தில் ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் கேள்வி கேட்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். கீழ்முதுகில், இடுப்பெலும்புக்கு நடுவே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொடுத்தால் பல பெண்களுக்கு வலி தணியும். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதை அவள் சொல்வாள். வலி இறங்கியதும் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லாதவரை நடக்கவும் நிற்கவும் ஒருக்களிக்கவும் கைகொடுங்கள். மல்லாந்தே கிடப்பதைவிட அது நல்லது. இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள், வலியில் அவளுக்கு அது தோன்றாது. "இந்த வலி போயிடுச்சு, அடுத்தது வர்ற வரைக்கும் கண்ணை மூடிக்கோ" என்பது போன்ற சின்ன வாக்கியம் போதும். "எல்லாப் பொம்பளையும் பெத்துக்கிறாங்க" என்று மறந்தும் சொல்லாதீர்கள். அவள் திட்டினால், அடித்தால், கையைத் தட்டிவிட்டால், அது வலியின் பேச்சு. யாராவது அவளைச் சத்தம் போட்டு அதட்டினால், நீங்கள் குரலை உயர்த்தாமல் "நான் சொல்லிப் புரியவைக்கிறேன் சிஸ்டர்" என்று நடுவில் வந்துவிடுங்கள். கோபப்பட்டு வாதாடினால் உங்களை வெளியே அனுப்புவார்கள், அவள் தனியாகிவிடுவாள். முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தலை சுற்றினால் சொல்லிவிட்டு உட்காருங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் உள்ளே போகவே கூடாது. அரசு வழிகாட்டுதல், துணை வருபவருக்குத் தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், ஊழியர் வேலையில் குறுக்கிடக் கூடாது, அறையில் உள்ள மற்றப் பெண்களைக் கவனிக்கவும் போகக் கூடாது என்கிறது. எல்லாம் நியாயமான கட்டளைகள்.

பிறந்த கணத்தில் குழந்தை எப்படி இருக்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பல அப்பாக்கள் பயப்படுவது அங்கேதான். தலை நீண்டு கூம்பியிருக்கும். பிறப்பு வழியில் நெருக்கி வந்ததால் அப்படி, சில நாளில் உருண்டுவிடும். உடலில் வெண்ணெய் போல வெள்ளைப் பூச்சு இருக்கும். முதலில் நீலமாகத் தெரிந்து பிறகுதான் சிவக்கும், கை கால் நுனி இன்னும் சிறிது நேரம் நீலமாகவே இருக்கலாம். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது விட்டு வெட்டுவார்கள், அதற்குள் குழந்தைக்குச் சேர வேண்டிய ரத்தம் சேர்ந்துவிடும். பிறகு 1-ஆம் நிமிடத்திலும் 5-ஆம் நிமிடத்திலும் இதயத் துடிப்பு, மூச்சு, நிறம், தசை இறுக்கம், தூண்டினால் வரும் அசைவு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போடுவார்கள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் வகுத்த முறை இது. குழந்தை சிறிது மந்தமாக இருந்தால் துடைத்து, முதுகைத் தேய்த்து, தேவைப்பட்டால் முகமூடி வைத்துக் காற்று கொடுப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் குழந்தை பக்கம் ஓடக் கூடாது. மருத்துவர் எல்லாரும் குழந்தையிடம் போன நேரத்தில் தாய் தனியாகக் கிடக்கிறாள். அவள் தலைமாட்டைவிட்டு நகராமல், நடப்பதை மெல்லச் சொல்லிக்கொண்டிருங்கள்.

இனி வெளியே நிற்கும் அப்பாவின் வேலை. தமிழ்நாட்டில் இது ஒரு சிலரின் நிலைமை மட்டும் அல்ல. அதே 2019-21 கணக்கெடுப்பில் இங்கே 45 சதவீதம் குழந்தைகள் சிசேரியனில் பிறந்திருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் 64 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். ஆபரேஷன் தியேட்டருக்குள் பெரும்பாலும் எந்த உறவினரையும் விட மாட்டார்கள். சுகப்பிரசவத்துக்கு மட்டும் மனதைத் தயார் செய்து வந்த குடும்பம் சிசேரியன் என்றதும் இடிந்துபோகிறது. சில இடங்களில் அது பெண்ணின் குறை என்பது போலப் பேச்சும் எழுகிறது. அந்தப் பேச்சை முதல் வாக்கியத்திலேயே நிறுத்த வேண்டியவர் நீங்கள். கையெழுத்து கேட்கும்போது, ஏன் இப்போது, காத்திருந்தால் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் தாமதிக்காதீர்கள். அவள் சம்மதத்தை அவளிடம்தான் பெற வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்காக அவளுடைய அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது, உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில் அவளிடமே கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னது. பிரசவத்தோடு சேர்த்தே காப்பர்-டி போடவா, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யவா என்று பல ஆஸ்பத்திரிகளில் கேட்பார்கள். வலியில் கிடப்பவளிடம் அதைக் கேட்டு முடிவெடுப்பது தவறு. எட்டாம் மாதத்திலேயே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குச் செய்யும் கருத்தடை பெண்ணுக்குச் செய்வதைவிட எளிய சிகிச்சை என்பதையும் அந்தப் பேச்சில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் அப்பா சாதிக்கக்கூடியது, குழந்தை வாயில் சீம்பாலைத் தவிர வேறெதுவும் போகாமல் பார்த்துக்கொள்வது. இன்றும் பல வீடுகளில் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர், தேன், சில ஊர்களில் கழுதைப்பால். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். பாட்டி மனம் நோகாமல் இதைத் தடுக்க மருமகளால் முடியாது, பச்சை உடம்போடு கிடக்கிறாள். மகனால், மருமகனால் முடியும். "பேரு வைக்கிற அன்னைக்கு நீங்கதான் மடியில வெச்சுக்கணும், இப்ப டாக்டர் வேண்டாம்ங்கிறாங்க" என்று வளைகாப்பு அன்றே சொல்லிவைத்துவிடுங்கள். குழந்தையை வெற்று மார்போடு மார்பாகத் தாய் வைத்துக்கொள்வது சூட்டைக் காக்கும், பால் குடிக்கத் தூண்டும். சிசேரியன் முடிந்து தாய் தயாராகும் வரை அந்த இடத்தை அப்பாவும் நிரப்பலாம்: ஸ்வீடனில் 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் தொட்டிலில் கிடந்த குழந்தைகளைவிட அப்பாவின் மார்பில் கிடந்தவை குறைவாக அழுதன, விரைவில் அமைதியாயின. 1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் தொடங்கிய, எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கான கங்காரு பராமரிப்புக்கும் இதே அடிப்படைதான். தாய்க்கு ஓய்வு தேவைப்படும் நேரத்தில் அப்பா மாற்றிக்கொள்ளலாம். சட்டைப் பொத்தானைக் கழற்ற வெட்கப்படாதீர்கள்.

அடுத்த சில நாட்களில் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு தாய்மார்களின் இறப்புக்கு முக்கியக் காரணம். அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஒரு மணி நேரத்துக்குள் துணி நனைந்து மாற்ற வேண்டியிருந்தாலோ, முகம் வெளுத்து, தலை சுற்றி, படபடப்பு வந்தாலோ, "கொஞ்சம் பார்க்கலாம்" என்று இருக்காமல் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். இரவில் ஆண்களை வார்டில் விடாத இடங்களில், கூட இருக்கும் அம்மாவுக்கு இதை நீங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டே வெளியேற வேண்டும். பிரசவத்துக்குப் பின்னும் ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால் கடும் தலைவலி, கண் மங்கல் இரண்டையும் சாதாரணமாக எடுக்கக் கூடாது. குழந்தைக்கு வைட்டமின் கே ஊசியும், 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும், பி.சி.ஜி.யும், போலியோ சொட்டும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். முதல் நாளிலேயே உடல் மஞ்சளானால், பால் குடிக்க மறுத்தால், மூச்சுத் திணறினால், உடல் சில்லிட்டாலோ சுட்டாலோ உடனே காட்டுங்கள். தார் போன்ற கரும்பச்சை மலமும், முதல் வாரத்தில் எடை சற்று இறங்குவதும் இயல்பு. பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு. அதற்குள் செய்தால் கட்டணம் இல்லை. பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பாவின் மனமும் இந்தக் கணக்கில் சேரும். 2011-இல் வெளியான, பிலிப்பைன்ஸின் செபு நகரில் 600-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், குழந்தை பெற்ற ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. குழந்தையைத் தூக்கிப் பராமரித்தவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. ஆண் உடலும் தந்தைமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மறுபக்கம், 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரையிலான காலத்தில் அப்பாக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. தூக்கம் போனால் எல்லாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல், குழந்தையைப் பார்க்கவே மனம் வராமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். விடுப்பையும் முன்பே யோசியுங்கள். மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகள் வரை 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. தனியார் துறையில் ஆண்களுக்கு இப்படி விடுப்பு தரச் சொல்லும் பொதுச் சட்டம் இல்லை, நிறுவனம் தந்தால் உண்டு. 2017-இல் மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் தாய்க்கு 26 வாரம் தந்தது. தந்தைக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. இது மாற வேண்டும். குழந்தை பெற்ற பெண்ணை முழுக்க அவளுடைய அம்மாவின் தலையில் சுமத்தித்தான் நம் ஆண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பதைச் சட்டம் போடுகிறவர்கள் உணர வேண்டும். அதுவரை உங்கள் சொந்த விடுப்பைச் சேர்த்துவையுங்கள். பிறந்த அன்றைக்கு மட்டும் ஓடிவருவதைவிட, வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் இரவில் விழித்திருப்பது அதிகம் உதவும்.

இதையெல்லாம் வலி எடுத்த பிறகு படித்துப் பயனில்லை. பிரதம மந்திரி சுரக்ஷித் மாத்ரித்வா திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக மருத்துவர் பரிசோதனை நடக்கிறது. வரும் 9-ஆம் தேதி விடுப்பு போட்டு மனைவியோடு போங்கள். அதற்கு முந்தின இரவு, நான் உள்ளே வரணுமா, வேறு யார் வரணும் என்று அவளைக் கேளுங்கள். மறுநாள் அவள் சொன்னதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லி, இங்கே அதற்கு இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.